பாட்டை முடிக்கக் கனவுக்குப் போன பேண்டு செட்டு

முட்டாளுங்களுக்குன்னு தனியா ஒரு ஊரு இருந்துச்சுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. எல்லா ஊர்லயும் கொஞ்சம் கொஞ்சமா சிதறிக் கிடந்தவங்கதான். அதுல நாலு பேரு கோணக்கரையில ஒரு பேண்டு செட்டா சேர்ந்துட்டாங்க. அவ்வளவுதான் நடந்தது.

கிளாரினெட்டு தவசி. பெரிய டிரம்மு சடையாண்டி, தவசி பொண்டாட்டிக்குக் கூடப் பொறந்த தம்பி. டிரம்பெட்டு ஒச்சப்பன், நாலு பேர்ல மூத்தவரு, பல்லு கம்மி, காத்து ஜாஸ்தி. ஜால்ரா இருளாண்டி. இருளாண்டிக்கு இடது கையில சுண்டுவிரல் கிடையாது. மாட்டுத் தீவனம் வெட்டுற மிஷின்ல போயிருச்சு. இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

தவசிக்குத் தன்னைப் பத்தி ஒரு மதிப்பு உண்டு. 'இந்த நாலு பேர்ல நான்தான் புத்திசாலி'ன்னு நினைச்சுக்குவான். மத்த மூணு பேரு யாருன்னு ஒரு தடவை யோசிப்பான். உடனே அந்த மதிப்பு சர்ருன்னு இறங்கிரும்.

இந்தச் செட்டுக்கு ஒரு குறை இருந்துச்சு. எந்தப் பாட்டையும் எடுப்பா ஆரம்பிப்பாங்க, நடுவுல பிச்சு உதறுவாங்க. ஆனா முடிக்கத் தெரியாது.

காரணம், வாத்தியார் சௌந்தரபாண்டி. அவருதான் செட்டை ஆரம்பிச்சவரு. ரெண்டே பாடம்தான் சொல்லிக் குடுத்தாரு. "வாசிக்கும்போது கண்ணை மூடிக்கங்கடா, லயம் உள்ள இறங்கும். என் கிளாரினெட்டு நின்னா நீங்களும் நின்னுருங்க." இவங்களும் அப்படியே செஞ்சாங்க. கண்ணை மூடிக்குவாங்க. எங்கேயோ ஒரு இடத்துல கிளாரினெட்டு நிக்கும். இவங்களும் நிப்பாங்க. கண்ணைத் திறந்தா பாட்டு முடிஞ்சிருக்கும். வாத்தியார் வெத்தலை போட்டுக்கிட்டு இருப்பாரு.

அந்த வாத்தியார் ஒருநாள் செத்துப்போயிட்டாரு. கிளாரினெட்டு தவசி கைக்கு வந்துச்சு. முடிவு மட்டும் வரல.

"பெரிய வித்தையை மறைச்சுட்டுப் போயிட்டாரு பாத்தியா" என்றான் தவசி.

"பேசாம பாதியில நிறுத்திட்டா என்ன மச்சான்?" என்று சடையாண்டி கேட்டான்.

தவசி அவனை மேலயும் கீழயும் பார்த்தான். "நிறுத்துறது வேற, முடிக்கிறது வேற மாப்ள. நடுவுல நிறுத்தினா சாமி குத்தம் ஆயிரும்."

அதனால நிறுத்தவே இல்ல. வாத்தியார் போன பிறகு வாசிச்ச முதல் கல்யாணத்துல, தாலி கட்டி, பந்தி முடிஞ்சு, பந்தலைப் பிரிச்ச பிறகும் வாசிச்சுக்கிட்டே இருந்தாங்க. வாசிச்சுக்கிட்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாங்க. பஸ் படிக்கட்டுல பெரிய டிரம்மு நுழையாம சிக்குச்சு. அங்கதான் பாட்டு நின்னுச்சு. அப்புறம் கொஞ்ச நாளைக்கு அதுதான் முடிவு. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பஸ் வர்ற நேரம் பார்த்து ஆரம்பிப்பாங்க.

கோயில் திருவிழாவுலதான் மாட்டுனாங்க. கோணக்கரையில ஒரு வழக்கம்: சாமி சப்பரம் கோயிலைச் சுத்தி வந்து வாசல்ல நிக்கும், மேளம் நின்ன பிறகுதான் சப்பரத்தைக் கீழே இறக்கணும். போன வருஷம் மேளம் நிக்கல. சப்பரமும் இறங்கல. சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. தூக்குறவங்க தோளு உரிஞ்சு போச்சு. சாமிக்கே தலை சுத்தியிருக்கும். கடைசியில ஒரு மழை கொட்டி, டிரம்மு நனைஞ்சு தொளதொளன்னு ஆயி, டிரம்பெட்டுக்குள்ள தண்ணி போயி, அப்பத்தான் ஓய்ஞ்சுச்சு.

ஊர் அம்பலக்காரர் சின்னக்காளை ஈரத் துண்டைப் பிழிஞ்சுக்கிட்டே வந்தாரு. ஊருக்குப் பெரிய தலை, சிரிச்சு அறியாத மனுஷன். "தவசி, அடுத்த வருஷம் பாட்டு முடியணும். முடியலேன்னா இந்தக் கோயில்ல உங்க செட்டோட கதை முடிஞ்சுச்சு. பக்கத்து ஊர் செட்டைச் சொல்லிருவேன்."

வாத்தியார் காலத்துலேர்ந்து கோயில் வாசிப்பு இவங்களுக்குத்தான். தவசி கைக்கு வந்ததும் போச்சுன்னு ஊரு பேசும். ஊரு பேசினாக்கூடப் பரவாயில்ல, வீட்டுல பொண்டாட்டி பேச்சியம்மா பேசுவா. தவசிக்குச் சோறு இறங்கல. (ரெண்டாவது தட்டுக்குத்தான் இறங்கல. முதல் தட்டு இறங்குச்சு.)

இந்தக் கவலையில இருக்கும்போதுதான் ஒரு கல்யாணத்துல பெங்களூர் சார் கிடைச்சாரு. பொண்ணுக்குத் தாய்மாமன். மெல்லிசாப் பேசுறவரு. தேங்காய்ப் பையை வாங்கிக்கிட்டுக் கிளம்புறவரு, இவங்க இன்னும் வாசிக்கிறதைப் பார்த்து நின்னுட்டாரு. பஸ் வந்து பாட்டு முடிஞ்சதும், "ஏங்க, என்னங்க பிரச்சினை உங்களுக்கு?"ன்னு கேட்டாரு. இவ்வளவு அக்கறையா அதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. தவசி எல்லாத்தையும் கொட்டிட்டான்.

"இதுல கொடுமை என்னன்னா சார், மதியம் கண்ணு அசந்தா வாத்தியார் கனவுல வந்துர்றாரு. தினம் வர்றாரு. 'முடிவு என்ன வாத்தியாரே'ன்னு ஒரு வார்த்தை கேட்டாப் போதும். ஆனா கனவுல அந்த நினைப்பே வரமாட்டேங்குது சார். அவரு செருப்பைக் காணோம்பாரு, நானும் சேர்ந்து தேடுவேன். செத்துப்போன ஆளுக்குச் செருப்பு எதுக்குன்னு ஒரு சந்தேகம் வரணுமா இல்லையா? வராது. முழிச்ச பிறகு தலையில அடிச்சுக்குவேன்."

சாருக்குக் கண்ணு விரிஞ்சுச்சு. "அட, இதுக்கு ஒரு பயிற்சியே இருக்குங்க! கனவுக்குள்ள இருக்கும்போதே 'இது கனவு'ன்னு தெரிஞ்சுக்கிறது. நான் தினமும் பண்றேன். தெரிஞ்சுட்டா நீங்க வச்சதுதான் சட்டம். யாரை வேணா எதை வேணா கேட்கலாம். பறக்கக்கூடச் செய்யலாம்."

நாலு பேரும் வாயைப் பிளந்தாங்க. சார் பொறுமையாச் சொன்னாரு:

"பகல்லயே அடிக்கடி 'இது கனவா'ன்னு கேட்டுக்கணும். கேட்டுட்டுக் கையைத் தூக்கி விரலை எண்ணிப் பாக்கணும். கனவுல விரல் கூடக் குறைய இருக்கும். சந்தேகமா இருந்தா மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு விட்டுப் பாருங்க. அப்பவும் மூச்சு வந்தா அது கனவு. தூங்கி முழிச்சதும் அசையாம அப்படியே கிடக்கணும், கனவு ஞாபகத்துக்கு வரும். முக்கியமா, கனவுல சந்தோஷப்பட்டுறாதீங்க, முழிப்பு வந்துரும்."

"சந்தோஷப்படக் கூடாது" என்றான் தவசி. "அது பழக்கம்தான் சார்."

மறுநாளே பயிற்சி ஆரம்பமாச்சு.

சார் 'கேட்டுக்கணும்'னு சொன்னாருல்ல? இவங்க கேட்டாங்க. போறவன் வர்றவன் எல்லாத்தையும் கேட்டாங்க. ஒச்சப்பன் தபால்காரரை நிறுத்தி, "ஐயா, இது கனவா?"ன்னாரு. தபால்காரரு சைக்கிளை எடுத்துக்கிட்டு வந்த வழியே திரும்பிட்டாரு. சடையாண்டி ஒரு நிச்சயதார்த்தத்துல, மோதிரம் போடுற நேரம் பார்த்து மாப்பிள்ளை காதுக்கிட்ட போயி, "தம்பி, இது கனவா?"ன்னு கேட்டான். மாப்பிள்ளை பாவம், ஏற்கெனவே அதே சந்தேகத்துலதான் இருந்திருக்கான். குபுக்குன்னு அழுதுட்டான்.

தவசி வீட்டுல கேட்டான். "பேச்சி, இது கனவா?"

பேச்சியம்மா அம்மிக்கல்லுல இருந்து நிமிரல. "கனவா இருந்தா நான் எதுக்கு உங்களைக் கட்டிக்கிட்டு அம்மி அரைச்சுக்கிட்டு இருக்கேன்? முழிச்சிருக்கும்போதே ஒண்ணும் தெரியாது. தூங்கும்போது தெரியப்போகுதாக்கும்."

தவசி அதுல ஒரு ஞாயம் இருக்குன்னு ஒத்துக்கிட்டான். ஆனா விரலை எண்ணாம நகரல.

இருளாண்டி கதைதான் பெருங்கதை. டீக்கடை வாசல்ல நின்னு விரலை எண்ணினான். ஒன்பது. மறுபடி எண்ணினான். ஒன்பதேதான். "ஆகா, கனவு!"ன்னான். கண்ணாடிப் பெட்டியைத் திறந்தான், ஒரு வடையை எடுத்தான், தின்னான். இன்னொண்ணு எடுத்தான். மூணாவதுக்குக் கை போகும்போது கடைக்கார மாயன் விட்டான் பாருங்க ஒரு அறை. டீ குடிச்சுக்கிட்டிருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க.

வீங்குன கன்னத்தோட வந்தவனை வச்சு ஒரு விசாரணையே நடந்துச்சு.

"அறைஞ்சான்ண்ணே. வலிச்சுச்சு. ஆனா முழிப்பு வரல" என்றான் இருளாண்டி. "ரொம்ப ஆழமான கனவு போலண்ணே."

ஒச்சப்பன் யோசனை பண்ணினாரு. "வடை எப்படி இருந்துச்சு?"

"உப்பே இல்லண்ணே."

"அப்ப நெஜம்தான்டா. மாயன் கடை வடையில என்னைக்கு உப்பு இருந்துச்சு?"

தவசிதான் தலைவன் இல்லையா, ஒரு தீர்ப்பு சொன்னான். "இருளாண்டி, உனக்குக் கணக்கு வேற. ஒன்பது எண்ணினா நெஜம். பத்து எண்ணினா கனவு. புரியுதா?"

"புரியுதுண்ணே. கனவுல எனக்கு விரல் முளைக்கும்."

சொல்லும்போது அவன் முகத்துல அப்படி ஒரு ஆசை. யாரும் சிரிக்கல.

அடுத்தது சடையாண்டி. ஒரு கல்யாணத்துக்கு வாசிச்சுட்டு, டிரம்மை மத்தவங்ககிட்ட குடுத்துட்டு, தனியா பஸ்ஸுல வந்தான். தூங்கிட்டான். முழிச்சான். முழிச்சதும் சார் சொன்னது ஞாபகம் வந்துச்சு, அசையக் கூடாது. கோணக்கரை வந்துச்சு. கோணக்கரை போச்சு. இவன் அசையல.

"யோவ், கோணக்கரை கேட்டியேய்யா, இறங்கு" என்றாரு கண்டக்டர். "யோவ்! உன்னத்தான்! அட, முழிச்சுக்கிட்டுத்தானே இருக்க?"

சடையாண்டி கண்ணைக்கூடச் சிமிட்டல. ஆளு போயிட்டான்னே கண்டக்டர் முடிவு பண்ணிட்டாரு. டிப்போவுக்கு வண்டியைக் கொண்டுபோயி, ஆளைச் சேர்ந்து தூக்கி, பெஞ்சுல கிடத்தி, முகத்துல துண்டைப் போட்டாங்க. துண்டு போட்டதும் இருட்டாச்சா, சடையாண்டி மறுபடி தூங்கிட்டான்.

சேதி கேட்டுப் பேச்சியம்மா தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு டிப்போவுக்கு ஓடினா. "என் தம்பி!"ன்னு மேல விழுந்தா. துண்டுக்கு அடியிலேர்ந்து குறட்டை வந்துச்சு.

"ஏன்டா பாவி, அசைஞ்சா என்னடா?"

"சார் அசையக் கூடாதுன்னாரு அக்கா."

"எவ்வளவு நேரத்துக்கு?"

சடையாண்டி யோசிச்சுப் பார்த்தான். "அதைச் சொல்லலியே அக்கா."

இப்படியே திருவிழா நெருங்கிருச்சு. தவசிக்குக் கனவுல வாத்தியார் வர்றதும், செருப்பைத் தேடுறதும், முழிச்சுத் தலையில அடிச்சுக்கிறதும் மாறவே இல்ல. பகல் முழுக்க விரலை எண்ணுறான், கனவுல மட்டும் மறந்துர்றான். ஒருநாள் கொஞ்சம் முன்னேற்றம். கனவுல வாத்தியாரே, "என்னடா, இன்னைக்கு விரலை எண்ணலியா?"ன்னு கேட்டாரு. "அப்புறம் எண்ணிக்கலாம் வாத்தியாரே, முதல்ல செருப்பு"ன்னு சொல்லிட்டான்.

இனி தனியா அனுப்புனா ஆகாதுன்னு செட்டு கூடிப் பேசுச்சு.

"நானும் வர்றேன் மச்சான்" என்றான் சடையாண்டி. "நீங்க கிளாரினெட்டு முடிவை மட்டும் கேட்டுட்டு வந்துருவீங்க. டிரம்முக்கு முடிவு யாரு கேக்குறது?"

"நாலு பேரும் போவோம்" என்றாரு ஒச்சப்பன்.

இருளாண்டிக்கு ஒரு சந்தேகம். "ஒரே கனவுல நாலு பேருக்கு இடம் இருக்குமாண்ணே?"

"வாத்தியார் ஒல்லியான ஆளுதானப்பா. இருக்கும்."

"யாரு கனவுக்குப் போறது?"

"தவசி கனவுக்குத்தான். அங்கதானே அவரு வந்து போயிக்கிட்டு இருக்காரு."

"தவசியண்ணன் தூங்குறதுக்கு முன்னாடி நாம தூங்கிட்டா?"

ஒச்சப்பன் கையை விரிச்சாரு. "வாசல்ல நின்னு வெயிட் பண்ண வேண்டியதுதான்."

பிரிஞ்சு போயிடக் கூடாதுல்ல, அதனால நாலு பேரு இடுப்பையும் ஒரே கயித்துல கட்டிக்கிட்டாங்க. யூனிபார்ம் இல்லாம வந்தா வாத்தியார் திட்டுவாரு, அதனால சிவப்புக் கோட்டு, தொப்பி, பூட்ஸ் எல்லாம் போட்டுக்கிட்டாங்க. வாத்தியத்தையும் எடுத்துக்கிட்டாங்க. சித்திரை மாச மத்தியான வெயில்ல, தவசி வீட்டுக் கூடத்துல, வரிசையாப் படுத்தாங்க. சடையாண்டி வயித்து மேல டிரம்மு. அவன் மூச்சு விடும்போதெல்லாம் டிரம்மு ஏறுது, இறங்குது.

தண்ணி குடிக்க வந்த பேச்சியம்மா அந்தக் காட்சியைப் பார்த்தா. செம்பைக் கவுத்துட்டுப் போயிட்டா.

தவசி தூங்கினான். கனவு வந்துச்சு. பஸ் ஸ்டாண்டு. வாத்தியார் பெஞ்சுக்கு அடியில குனிஞ்சு தேடிக்கிட்டு இருக்காரு. "டேய் தவசி, செருப்பைக் காணோம்டா."

தவசியும் குனியப் போனான். அப்பத்தான் தன் கையைப் பார்த்தான். ஆறு விரலு. இன்னொரு தடவை எண்ணினான், எட்டு. எண்ண எண்ண முளைக்குது, முருங்கைக்காய் மாதிரி தொங்குது. தவசிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துச்சு. கனவு! இது கனவுன்னு தெரிஞ்சிருச்சு!

சந்தோஷப்படக் கூடாதேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டான். பேச்சியம்மா திட்டுனதையெல்லாம் ஒண்ணொண்ணா நினைச்சான். சந்தோஷம் கட்டுக்குள்ள வந்துச்சு.

"வாத்தியாரே, இது கனவு. நீங்க செத்துட்டீங்க."

"அதுக்கு நான் என்னடா பண்றது? செருப்பைத் தேடு."

"செருப்பு கிடக்கட்டும் வாத்தியாரே. பாட்டை எப்படி முடிப்பீங்க? அதை மட்டும் சொல்லிருங்க. கோயில் வாசிப்பு போயிரும் போல இருக்கு."

வாத்தியார் நிமிர்ந்தாரு. முதல் தடவையா அவனை நேராப் பார்த்தாரு. "இதைக் கேக்க உனக்கு இவ்வளவு நாளாச்சா? கிட்ட வா. நல்லாப் பாத்துக்க." கிளாரினெட்டை எடுத்து உதட்டுல வச்சாரு. வாசிச்சாரு. ஆகா, என்ன வாசிப்பு. பாட்டு கடைசி அடிக்கு வந்துருச்சு. வாத்தியாரோட வலது கை கிளாரினெட்டுல இருந்து மெல்ல எழும்புது...

அந்த நேரத்துல தவசிக்கு ஒரு எச்சரிக்கை வந்துச்சு. இவ்வளவு சுளுவா நடக்குதே, நெஜமாவே கனவுதானா? விரல் சோதனை ஆச்சு, மூக்கு சோதனை ஆகலியே. மூக்கைப் பிடிக்கச் சொன்ன சார், யாரு மூக்கைன்னு சொல்லல. தவசி எட்டி வாத்தியார் மூக்கை இறுக்கிப் பிடிச்சான்.

கிளாரினெட்டு 'பீய்ங்'குன்னு கத்திச்சு.

"எடுடா கையை! ஏற்கெனவே ஒரு தடவை மூச்சு நின்னவன்டா நான். மறுபடியும் நிறுத்துறியா?"

"வாத்தியாரே, சோதனைக்கு..."

"உன் சோதனையில இடி விழ!" வாத்தியார் வெறுங்காலோட விறுவிறுன்னு போயிட்டாரு. தவசி பின்னாலயே ஓடினான். இடுப்புல கயிறு சுண்டி இழுத்துச்சு. கண்ணைத் திறந்தா, சடையாண்டி டிரம்மோட புரண்டு பூசை ரூம் பக்கம் உருண்டுக்கிட்டு இருக்கான்.

"எல்லாரும் வந்தீங்களாடா?" என்று தவசி பதறிப்போய்க் கேட்டான்.

"நான் தூங்கவே இல்லண்ணே, கயிறு இறுக்குச்சு" என்றான் இருளாண்டி.

"நான் போனேன் மச்சான்" என்றான் சடையாண்டி. "ஆனா அது வேற இடம். நல்லி எலும்பு குழம்பு. வாத்தியாரைக் காணோம். வந்திருந்தா அவருக்கும் ஒரு துண்டு எடுத்து வச்சிருப்பேன்."

ஒச்சப்பன் கொட்டாவி விட்டாரு. "எனக்குத் தூக்கமே வரலேன்னு கனவு கண்டேன்பா. ஒரே அலுப்பா இருக்கு."

பேச்சியம்மா வாசப்படியில நின்னா. "கேட்டீங்களா அவரை?"

"கேட்டேன்."

"சொன்னாரா?"

"சொல்ல வந்தாரு. நான் மூக்கைப் பிடிச்சுட்டேன்."

"அடுப்புல பால் இருக்கு"ன்னு பேச்சியம்மா உள்ள போயிட்டா. திட்டியிருந்தாக்கூடத் தவசி தாங்கியிருப்பான்.

அன்னையோட வாத்தியார் வரத்து நின்னுபோச்சு. இப்பத் தவசிக்குக் கனவுல இது கனவுன்னு நல்லாத் தெரியுது, பெங்களூர் சாரே மெச்சுற அளவுக்குத் தெரியுது. ஆனா என்ன பிரயோஜனம்? ஆளில்லாத பஸ் ஸ்டாண்டுல, கனவுன்னு நல்லாத் தெரிஞ்சே, தனியாச் செருப்பைத் தேடிக்கிட்டு இருக்கான்.

திருவிழா வந்துருச்சு.

காலையில சப்பரம் கிளம்புச்சு. தூக்குறவங்க போன வருஷ அனுபவத்துல தோளுக்குத் தலகாணி கட்டிக்கிட்டு வந்திருந்தாங்க. கோயில் மதிலுக்கு வெளியே, வேப்பமர நிழல்ல, பக்கத்து ஊர் செட்டு நீலக் கோட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அம்பலக்காரரே வரச்சொல்லி வச்சிருக்காரு. அவங்கள்ல ஒருத்தன் தவசியைப் பார்த்துக் கையை ஆட்டினான். போயிட்டு வான்னு ஆட்டுற ஆட்டு.

தவசி கண்ணை மூடினான். வாசிக்க ஆரம்பிச்சான்.

ஒரு சுத்து சுத்தி, சப்பரம் வாசலுக்கு வந்துச்சு. பாட்டு நிக்கல. சப்பரம் மறுபடி கிளம்புச்சு. திரும்பி வந்துச்சு. நிக்கல. தூக்குறவங்க முனகுறாங்க. பூசாரி சூடத் தட்டோட சப்பரத்துக்குப் பின்னாடியே ஓடுறாரு. நீலக் கோட்டுக்காரங்க எந்திரிச்சு நின்னு டிரம்முக்கு வாரை மாட்டுறாங்க. தவசி 'வாத்தியாரே, மூக்கைப் பிடிச்சது தப்புதான். மன்னிச்சு வந்துருங்க'ன்னு உள்ளுக்குள்ள கெஞ்சிக்கிட்டே ஊதுறான்.

நெத்தி வேர்வை கண்ணுக்குள்ள இறங்கி எரிஞ்சுச்சு. லேசாக் கண்ணைத் திறந்தான். எதிர்ல அம்பலக்காரர் சின்னக்காளை.

சிரிச்சுக்கிட்டு இருந்தாரு.

(தவசிக்குப் பின்னாடி அவரு பேத்தி பலூனை வச்சு வெளையாடிக்கிட்டு இருந்துச்சு. அது தவசிக்கு எப்படித் தெரியும்?)

'அம்பலக்காரர் சிரிக்கிறாரா? என்னையப் பார்த்தா? இது கனவா?'

பகல் முழுக்கப் பழகின கை. கேள்வி வந்ததும் தானாத் தூக்கிருச்சு. தவசி கிளாரினெட்டை விட்டுட்டு, ரெண்டு கையையும் முகத்துக்கு நேராத் தூக்கி, விரலை எண்ண ஆரம்பிச்சான்.

கிளாரினெட்டு நின்னுச்சா, டிரம்பெட்டு நின்னுச்சு. டிரம்மு நின்னுச்சு. ஜால்ரா நின்னுச்சு.

ஊரே ஒரு நொடி கப்சிப்புன்னு ஆச்சு. அப்புறம் சப்பரம் மெத்துன்னு கீழே இறங்குச்சு. பொம்பளைங்க குலவை போட்டாங்க. தூக்குனவங்க அப்படியே தரையில படுத்துட்டாங்க.

மத்த மூணு பேரும் கண்ணைத் திறந்தாங்க.

"மச்சான்" என்றான் சடையாண்டி, சன்னமா. "பாட்டு நின்னுருச்சு."

"தெரியுது."

"எப்படி நின்னுச்சு? நமக்குத்தான் முடிவு தெரியாதே?"

"அதான் எனக்கும் விளங்கல" என்றாரு ஒச்சப்பன். "நமக்குத் தெரியாத முடிவு எப்படி வரும்? நெஜத்துல வர வாய்ப்பே இல்லையே."

நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க.

"இருளாண்டி" என்றான் தவசி. "எண்ணுடா."

இருளாண்டி ஜால்ராவைத் தோள்ல போட்டுட்டு ரெண்டு கையையும் தூக்கி எண்ணினான். பக்கத்துல சடையாண்டியும் கையைத் தூக்கி எண்ணிக்கிட்டு இருந்தான். அவன் விரல் ஒண்ணு எப்படியோ இந்தக் கணக்குல வந்து நின்னுக்கிச்சு.

"பத்துண்ணே!" இருளாண்டிக்குக் கண்ணு கலங்கிருச்சு. "முளைச்சிருச்சுண்ணே!"

"கனவுதான்!" என்று கத்திட்டான் தவசி. "நாலு பேரும் ஒண்ணா வந்துட்டோம்டா! கயிறு கட்டுனது இப்பத்தான் வேலை செஞ்சிருக்கு! சந்தோஷப்படாதீங்க, யாரும் சந்தோஷப்படாதீங்க, முழிப்பு வந்துரும்! வாத்தியார் இங்கதான் எங்கேயாச்சும் இருப்பாரு. முழிக்கிறதுக்குள்ள புடிச்சுக் கேட்டுருவோம்!"

"எங்க போயித் தேடுறது?"

"மேலேர்ந்து பார்த்தா தெரியும். பறக்கலாம்னு சார் சொன்னாரு இல்ல?"

கோயில் குளத்துச் சுவர் பக்கத்துலதான். நாலு சிவப்புக் கோட்டும் விறுவிறுன்னு அதுல ஏறுச்சு. ஊரே அண்ணாந்து பார்த்துச்சு. மூஞ்சியில சந்தோஷம் துளிகூட இல்ல, சாவு வீட்டுக்குப் போற மாதிரி வச்சுக்கிட்டு, கையை இறக்கை மாதிரி விரிச்சு, "வாத்தியாரே!"ன்னு ஒரே குரல்ல கூப்பிட்டுப் பறந்தாங்க.

கொஞ்ச தூரம் பறந்தாங்க. பூராவும் கீழ்நோக்கி.

தண்ணிக்குள்ள போனதும் தவசிக்கு ஞாபகம் வந்துச்சு. இந்த வாட்டி சரியா, தன் மூக்கையே பிடிச்சான். மூச்சு விட்டுப் பார்த்தான். வரல. இன்னொரு தடவை பார்த்தான். சுத்தமா வரல. மேலே வந்து தண்ணியைத் துப்பினான்.

"டேய், இது நெஜம்டா!"

சடையாண்டி டிரம்மு மேல குப்புறக் கிடந்து மிதந்துக்கிட்டு இருந்தான். "அப்ப நெஜமாவே பாட்டு முடிஞ்சிருச்சா மச்சான்? யாரு முடிச்சா?"

ஒச்சப்பன் படிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு டிரம்பெட்டுல இருந்து தண்ணியைக் கொட்டினாரு. ஒரு குட்டி மீனும் வந்துச்சு. அதைப் பார்த்ததும் அவருக்குப் புத்தி பளிச்சுன்னு வேலை செஞ்சுச்சு. "தண்ணிதான்டா முடிச்சிருக்கு. போன வருஷமும் மழை பெஞ்சுதானே பாட்டு முடிஞ்சுச்சு?"

"ஆனாண்ணே" என்றான் இருளாண்டி, "பாட்டு நின்ன பிறகுதானே நாம குதிச்சோம்?"

"குதிக்கப் போறோம்னு பாட்டுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்டா. நமக்குத்தான் எல்லாம் லேட்டாத் தெரியும்."

இதைத் தவசியால மறுக்க முடியல. "இம்புட்டுத்தானா வித்தை? இதை எதுக்கு வாத்தியார் மறைக்கணும்?"

"அவருக்கு நீச்சல் தெரியாதேப்பா. சொல்ல வெக்கப்பட்டிருப்பாரு."

மேலே குளத்துச் சுவர்ல அம்பலக்காரர் வந்து நின்னாரு. கண்ணுல தண்ணி. "எத்தனையோ செட்டு பாத்திருக்கேன்டா. சப்பரம் இறங்குனதும் கோட்டு சூட்டோட குளத்துல முங்கிச் சாமிக்குப் படைச்ச செட்டை இன்னைக்குத்தான் பாக்குறேன். முகத்துல ஒரு சிரிப்பு உண்டா? என்ன பக்தி! தவசி, வருஷா வருஷம் நீங்கதான். ஆனா ஒண்ணு, இதே மாதிரிதான் முடிக்கணும்."

வேப்பமரத்தடியில நீலக் கோட்டுக்காரங்க வாரைக் கழட்டினாங்க. அவங்களுக்கு நீச்சல் தெரியாது.

அதுலேர்ந்து செட்டுக்கு ஒரே கிராக்கி. யாரு வந்து கல்யாணம்னு சொன்னாலும் தவசி முதல்ல கேக்குறது, "குளமா, கிணறா?"ங்கிறதுதான். பொண்ணு மாப்பிள்ளை பேரெல்லாம் அப்புறம். தாலி கட்டினதும் கையைத் தூக்கி விரலை எண்ணுவாங்க, ஓடிப்போய்க் குதிப்பாங்க, பாட்டு முடிஞ்சிரும். பேச்சியம்மாதான் தினம் நாலு கோட்டை அலசிக் காயப்போட்டுக்கிட்டு இருக்கா.

போன வாரம் மேட்டுக்காட்டுல இருந்து ஒரு பொண்ணு வீட்டுக்காரர் வந்தாரு. மழையே பாக்காத ஊரு. "எங்க ஊர்ல குளம் கிடையாதுங்க, கிணறும் வத்திப்போச்சு. கஷ்டப்பட்டு ஒரு வாளித் தண்ணி வேணா எடுத்து வைக்கிறேன்"னாரு.

நாலு பேரும் தனியாப் போயி ரொம்ப நேரம் பேசினாங்க. அப்புறம் தவசி வந்து அவரு கையைப் பிடிச்சுக்கிட்டு, வருத்தமாச் சொன்னான்:

"ஒரு வாளிதான்னா, சின்னப் பாட்டாத்தான் வாசிக்க முடியும். பரவாயில்லையா?"